பொம்மைக் காருக்கு ஒரு ஆக்ஸிலேட்டர்

ஜூன் 3, செவ்வாய்

இது டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாளும் சண்முகக்கனி இதில் ஜாக்கெட் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தாள். மீதிப் பக்கங்களை இன்று நான் பறித்துக்கொண்டேன். வீட்டில் சும்மா இருக்கிற மனுஷன் வேறு என்ன செய்வான்? பெண்டாட்டியிடம் பேசலாம் என்றால், "மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்கிறாள்.

இன்று கட்டைப் பிரித்தார்கள். வலது பாதத்தின் அடியில் இருந்த புண் மூடிவிட்டது. புண் வந்த கதையை இந்தத் தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று, டைரிக்கும் சொல்கிறேன். ஏப்ரலில் ஒரு நாள் செருப்பின் அடியில் ஆணி ஏறி உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி வரை அதை மிதித்தபடியே பஸ் ஓட்டி வந்திருக்கிறேன். வீட்டுத் தரையில் சிவப்பாகத் தடம் விழுவதைப் பார்த்து அலறியது கனிதான். எல்லோரும் இதை ஏதோ அதிசயம் போலப் பேசுகிறார்கள். இதில் என்ன அதிசயம்? ஓட்டுகிறவனுக்குக் கவனமெல்லாம் ரோட்டில் இருக்கும். காலில் என்ன குத்துகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் பஸ் வயலுக்குள் போய்விடும்.

மத்தியானம் முதலாளி போன் செய்தார். "ஆவுடையப்பா, சாரல் விழ ஆரம்பிச்சிட்டு. குற்றாலம் கூட்டத்துக்கு நீ இல்லாம முடியாது. இப்ப ஓட்டுத பய கியர்பாக்ஸைக் கையில குடுத்துட்டுத்தான் போவான் போல." இருபத்து மூன்றாம் தேதி திங்கட்கிழமை வண்டியை எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு டாக்டர் சர்டிபிகேட் மட்டும் வேண்டுமாம்.

போனை வைத்ததும் எனக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது. இதற்கும் கனி முறைத்தாள், சர்க்கரை ஏறிவிடுமாம்.

ஜூன் 5, வியாழன்

ரேஷன் கடைக்குப் போய்த் துவரம்பருப்பும் பாமாயிலும் வாங்கி வந்தேன். வாசலில் வைத்தே கனி கேட்டாள்: "வலது கால் செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இல்லை. வார் அறுந்து எங்கேயோ விழுந்திருக்கும், இந்தக் காலத்துச் செருப்பெல்லாம் அப்படித்தான் என்றேன். வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது, உங்களுக்குச் சுடவில்லையா என்றாள். ஓட்டுநர் கால், எஞ்சின் சூட்டிலேயே வெந்த கால் என்றேன்.

திரும்பிப் போய் எடுத்து வந்தேன். அடிபம்பு பக்கம் கிடந்தது. வார் அறுந்திருக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஞானதுரை வந்தான். என் வண்டியின் கண்டக்டர். ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு என்று நானும் அவனும் ஜோடியாக ஓடிய வண்டி அது. தங்கமான பையன். பையன் என்கிறேன், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. அவனிடம் ஒரே ஒரு குறை, அதுவும் கொஞ்ச காலமாகத்தான்: நிறுத்தம் வருவதற்கு முன்பே விசில் அடித்துவிடுகிறான். ஆலங்குளம் ஸ்டாப் கண்ணிலேயே பட்டிருக்காது, பின்னாலிருந்து விசில் வந்துவிடும். வாய்ப்பரபரப்பு.

கூடவே மகள் பிளெஸ்ஸியும், ஒரு சிவப்புப் பொம்மைக் காரும். பிளாட்பாரக் கடையில் வாங்கிய ரிமோட் கார். குழந்தை முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன தாயி?"

"இது கெட்ட காரு பெரியப்பா."

ஓட்டிக் காட்டினாள். அவள் சொன்னது சரிதான். பட்டனை அழுத்தினால் வெறிபிடித்த மாதிரிப் பாய்கிறது. விட்டால் நிற்கிறது. நடுவில் ஒன்றும் கிடையாது. ஹாலின் இந்தச் சுவரில் கிளம்பி அந்தச் சுவரில் மோதுகிறது. முன் பம்பர் ஏற்கெனவே போய்விட்டது.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆக்ஸிலேட்டர் இல்லாம ஒரு வண்டியாவே? இதைச் செய்தவன் ஒரு நாளாவது டவுன் ரத வீதியில வண்டி ஓட்டியிருப்பானா?"

ஞானதுரை சிரித்தான். அவன் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். வேலை கிடைக்காமல் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியவன். "போட்டுட்டாப் போச்சு அண்ணாச்சி. ஸ்பீடு கண்ட்ரோல்தானே? எனக்கு லீவு நாள்ல வாரேன். உங்களுக்கும் பொழுது போவும்."

கனி உள்ளேயிருந்து, "போவட்டும், போவட்டும். எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்றாள். மெஷின் சத்தத்தில் இது மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

காரைப் பிரித்தோம். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. பாட்டரி, ஒரு சின்னப் பச்சை அட்டை, சுண்டுவிரல் பருமனில் ஒரு மோட்டார். இந்த ஜந்துவா குழந்தையை அழவிட்டது என்று தோன்றியது.

முதலில் மோட்டாருக்குப் போகும் வயரில் ஒரு ரெசிஸ்டரை வைத்து ஈயத்தால் பற்றவைத்தான் ஞானதுரை. கரண்டைக் குறைத்தால் வேகம் குறையும் என்பது கணக்கு. கார் மெதுவாகவும் போகவில்லை, வேகமாகவும் போகவில்லை. நின்ற இடத்திலேயே முனகியது. கையால் தள்ளிவிட்டால் நாலடி போய் மறுபடி நின்றது. ரெசிஸ்டர் சுட்டது.

"ஏத்தத்துல டாப் கியர்ல தூக்குத மாதிரி இருக்குவே" என்றேன்.

"அதேதான் அண்ணாச்சி. இழுவையும் சேர்ந்து போயிருது."

புளி கரைத்து வைக்கச் சொல்லியிருந்தாள் கனி. மறந்துவிட்டேன். இரவு ரசம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மொபைல் கடை வீதியிலிருந்து ஒரு குட்டி போர்டு வாங்கி வந்திருந்தான். தீப்பெட்டியில் பாதிகூட இல்லை, தலையில் ஒரு திருகு. அது கரண்டைக் குறைக்காதாம். முழுக் கரண்டையே கொடுக்குமாம், ஆனால் போ நில்லு, போ நில்லு என்று மோட்டாரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாம். "போ" கொஞ்சம் நீண்டால் வேகம், "நில்லு" நீண்டால் மெதுவாம். அத்தனை சீக்கிரத்தில் சொல்வதால் மோட்டாருக்கு நிற்கவே நேரமிருக்காது. இழுவையும் குறையாது.

"மாமியார் மருமகளை வேலை வாங்குத மாதிரி" என்றாள் கனி.

முதல் போர்டு புகைந்துபோயிற்று. பாட்டரி வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான். "உனக்கு டிக்கெட் கிழிக்கத்தாம்வே லாயக்கு" என்று வைதேன். நல்லவேளை, இரண்டு வாங்கி வந்திருந்தான். இரண்டாவது வேலை செய்தது. திருகைக் குறைத்து வைத்துப் பட்டனை அழுத்தினால் கார் ஹாலில் நெல்லையப்பர் தேர் மாதிரி அசைந்து போகிறது. பின்னால் போகும் வசதி இதில் போய்விட்டது. போகட்டும், பஸ் ஸ்டாண்டைத் தவிர ரிவர்ஸ் எதற்கு?

ஆனால் திருகு காரின் தலையில் இருக்கிறது. கிளம்புமுன் வேகத்தை வைத்துவிட்டு அப்புறம் ஓட்ட வேண்டும். இது என்ன, மாவு மில்லா? ஓட்டும்போதே கூட்டிக் குறைக்க வேண்டாமா? "திருகை நீள வயர் போட்டுக் கைக்குக் கொண்டாந்துரலாம்" என்றான் ஞானதுரை.

"கைக்கு எதுக்குவே? டிரைவருக்கு வேகம் கையிலயா இருக்கு? காலுக்குக் கொண்டா."

ஜூன் 13, வெள்ளி

சர்டிபிகேட் வாங்கியாயிற்று. கிளினிக்கில் நல்ல கூட்டம். டாக்டர் புண் இருந்த இடத்தைப் பார்த்தார், சர்க்கரை அளவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனி என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஜூன் 14, சனி

கனியின் தையல் மெஷின் மோட்டாருக்குப் போன வருடம் வேறு பெடல் வாங்கினோம். பழைய பெடல் எரிந்துபோய்ப் பரணில் கிடந்தது. அதை இறக்கினோம். உள்ளே கருகிக் கிடந்ததையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, மிதித்தால் திரும்புகிற மாதிரி திருகை அதற்குள் வைத்தான் ஞானதுரை. அங்கிருந்து மெல்லிய வயர் காரின் முதுகு வரை. கார் எங்கே போனாலும் வயர் வால் மாதிரி பின்னாலேயே போகும். ரிமோட்டில் போகிற பட்டனுக்கு ரப்பர் பேண்டு போட்டு அழுத்தியாயிற்று. இனிமேல் கைக்கு வேலை, வண்டியைத் திருப்புவது மட்டும். வேகம் காலுக்கு.

பற்றவைக்கிற வாசனையில் கனிக்குத் தலைவலி. டீ நான் போட்டேன். நன்றாக இருந்தது என்று ஞானதுரை சொன்னான், சீனி இல்லாத டீயைக் குடித்துவிட்டு அப்படிச் சொல்கிறவன் நல்ல நண்பன்தான்.

ஜூன் 16, திங்கள்

சாயங்காலம் ஞானதுரையும் பிளெஸ்ஸியும் வந்தார்கள். கனியின் சாக்பீஸால் ஹாலில் ரோடு போட்டோம். கட்டில் கால் திருநெல்வேலி. அப்புறம் பேட்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம். அடுப்படி வாசல் தென்காசி. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கட்டம், கார் அந்தக் கட்டத்துக்குள் நிற்க வேண்டும்.

பிளெஸ்ஸி முதலில். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் எட்டாது, நின்றுகொண்டே மிதித்தாள். ஆலங்குளத்தில் கொஞ்சம் தாண்டினாள், மற்றபடி எல்லா ஊரிலும் நிறுத்தினாள். "நல்ல காரு பெரியப்பா" என்று குதித்தாள். அடுத்து ஞானதுரை, பரவாயில்லை. கனி ஓட்டியபோது பார்க்க வேண்டும். ஓரம் அடிக்கிற மாதிரி ஒரே சீராகப் போய், தென்காசிக் கட்டத்தின் நட்ட நடுவில் நிறுத்திவிட்டு, "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் நான். குழந்தை கை தட்டினாள். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, முதுகை நிமிர்த்தி, சாமியைக் கும்பிட்டுவிட்டு மிதித்தேன்.

கார் பாய்ந்து சுவரில் மோதியது.

மறுபடியும் வைத்தார்கள். இந்தத் தடவை கிளம்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன், பேட்டையில் நிற்காமல் ஆலங்குளத்தைத் தாண்டி அலமாரிக்கடியில் போய்விட்டது. மூன்றாம் தடவை வெட்டி வெட்டிப் போனது, கிளட்ச் போன வண்டி மாதிரி.

"பெடல் ஸ்பிரிங் சரியில்லவே. பொம்பளைங்க காலுக்குச் செய்தது. கனத்த கால் தாங்காது" என்றேன்.

"ஆமா அண்ணாச்சி" என்றான் ஞானதுரை. எதிலும் மறுத்துப் பேசாதவன்தான் அவன். ஆனால் இன்று கொஞ்சம் சீக்கிரமாகவே ஆமாம் போட்டான்.

ஜூன் 17, செவ்வாய்

கனி துணி கொடுக்கப் போயிருந்தாள். தனியாக உட்கார்ந்து ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தேன். கார் பாய்ந்தது. பெடலுக்கடியில் அட்டை வைத்தேன், பாய்ந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டும் வெறுங்காலிலும் மிதித்துப் பார்த்தேன். ஒன்று கிளம்பவில்லை, இல்லாவிட்டால் பாய்ந்தது.

சலிப்பில் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி உட்கார்ந்தேன். பெடல் இடதுகால் பக்கம் வந்துவிட்டது. அப்படியே மிதித்தேன்.

பேட்டை. ஆலங்குளம். பாவூர்சத்திரம். தென்காசி. எல்லாக் கட்டத்திலும் நின்றது.

இடதுகால் இத்தனை வருடத்தில் ஆக்ஸிலேட்டரைத் தொட்டதே கிடையாது. கிளட்ச் மிதிக்கிற கால் அது. இந்தப் பெடல் இடதுகாலுக்கு ஒத்துப்போகிறது என்று எழுதிவைக்கிறேன். சில பெடல் அப்படி இருக்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். கனி வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

காலையில் தோசை சாப்பிட்டு முடித்ததும் கனி காரைத் தூக்கி அலமாரி மேல் வைத்தாள். பெடலை மட்டும் என் காலடியில் வைத்தாள். அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணை மூடுங்க."

"என்ன பிள்ள விளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க. வலது காலை வச்சு கால்வாசி மிதிங்க."

மிதித்தேன். "இந்தா, கால்வாசி" என்றேன்.

"பாதி மிதிங்க." மிதித்தேன். "சரி, இப்ப முழுசா எடுத்துருங்க."

எடுத்தேன்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"கண்ணைத் திறந்து பாருங்க."

என் பாதம் பெடல் மேலேயே இருந்தது. பெடல் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

கனி அழவில்லை. அழுதிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன். அவள் என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் பிடித்திருப்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

அப்புறம் வெகுநேரம் யோசித்தேன். இந்தக் காலோடு நான் எப்படி பஸ் ஓட்டினேன்? எத்தனையோ மாதம் ஓட்டியிருக்கிறேனே, ஒரு கீறல் விழவில்லையே? விடை துணி காயப்போடும்போது வந்தது, தெருவில் ஒரு லாரி மேடேறிப் போனபோது. எஞ்சின் சத்தம். பஸ்ஸில் எஞ்சின் என் பக்கத்திலேயே இருக்கிறது. எவ்வளவு மிதித்திருக்கிறேன் என்று அது சொல்லிக்கொண்டே வரும். நான் காலால் ஓட்டவில்லை, காதால் ஓட்டியிருக்கிறேன். இந்தப் பொம்மைக்கு அந்தத் தொண்டை கிடையாது. பாய்ந்தபிறகுதான் தெரிகிறது.

சமாதானமாகத்தான் இருந்தது. காது இருக்கிறது, காதை வைத்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று நினைத்தபடி கடைசி வேட்டியைக் கொடியில் போட்டேன். அப்போதுதான் அது தோன்றியது. பிரேக்குக்குச் சத்தம் கிடையாது.

ஞானதுரை இன்று வரவில்லை. வேதக்கோயிலில் ஏதோ கல்யாணமாம்.

ஜூன் 19, வியாழன்

கனி என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கால் பார்க்கிறதற்கென்றே தனியாக ஒரு அறை இருக்கிறது. சின்ன வயசு டாக்டரம்மா. கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை வைத்திருந்தார். "ஐயா, படுத்துக் கண்ணை மூடிக்கிடுங்க. பாதத்துல தொடும்போதெல்லாம் தொடுதீங்கன்னு சொல்லணும்."

நான் கவனமாகக் காத்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரமாகிறதே என்று, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

"முடிச்சிட்டேன் ஐயா" என்றார்.

சர்க்கரையால் போன உணர்ச்சி திரும்பி வராதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறுங்காலோடு நடக்கக் கூடாது, சர்க்கரையை ஏறவிடக் கூடாது. என்ன தொழில் என்று கேட்டார். "டிரைவர்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கடைசி சீட்டுக்குப் போய்க் கனிக்கு ஜன்னலோரம் கொடுத்தேன். எனக்கு டிரைவர் முதுகு தெரிகிற இடம் வேண்டாம் என்று தோன்றியது.

ஜூன் 20, வெள்ளி

ஞானதுரை புது ஸ்பிரிங்கோடு வந்தான். ஸ்பிரிங் வேண்டாம், உட்காருவே என்றேன். எல்லாம் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உனக்குத் தெரியுமாவே?"

தலையைக் குனிந்துகொண்டான். "பாவூர்சத்திரத்துல ஒரு நாள் ஸ்டாப் தாண்டிப் போய் நின்னீங்கள்லா. மறுநாளும் தாண்டிச்சி. அதுலேர்ந்து நான் விசிலைக் கொஞ்சம் முன்னாலயே குடுத்திருதேன் அண்ணாச்சி. நீங்க மிதிச்சு, அது பிடிச்சு நிக்கதுக்கு ஸ்டாப் வந்திரும்."

வாய்ப்பரபரப்பு என்று எழுதியிருந்தேன். எழுதினதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

"ஏன்வே சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க ஓட்டுதீங்கன்னா பயமில்லாம முதுகைக் காட்டி டிக்கெட் குடுத்தவன் நான். உங்ககிட்ட வந்து, உங்க காலு சரியில்லன்னு எந்த வாயால சொல்ல?"

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. "ஸ்டாப்புக்கு நீ விசில் அடிப்பே. குறுக்க ஒரு பிள்ளை ஓடி வந்தா, அதுக்கு யாருவே முன்னால விசில் அடிப்பா?" என்றேன்.

அவன் அழுதான். கனி அவனுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். நல்ல சீனி போட்டு.

ஜூன் 21, சனி

முதலாளி ஷெட்டில் இருந்தார். வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிக்கு மேலே சரிகை மாலை கட்டியிருந்தார்கள். எனக்காகக் கட்டியது.

"வா வா. சர்டிபிகேட் வாங்கிட்டேல்லா?"

"வாங்குனேன். கிழிச்சிட்டேன் முதலாளி."

விஷயத்தைச் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார். "நல்லாத்தானே நடந்து வந்தே? காலு இருக்கத்தானே செய்யுது?"

"காலு இருக்கு. இருக்கதுதான் எனக்குத் தெரிய மாட்டேங்கு."

எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. சீசன் நெருக்கடி அவருக்கு. "ஆவுடையப்பா, இது உனக்கும் எனக்கும்தானே தெரியும். சீசன் முடியுத வரைக்கும் ஓட்டு. உன்னை யாரு வேகமா ஓட்டச் சொன்னா? மெதுவா ஓட்டு."

"மெதுவா ஓட்டத்தான் முதலாளி காலு வேணும். வேகமா ஓட்டுததுக்குக் காலு எதுக்கு? ஒரு கல்லைத் தூக்கி வச்சாப் போதும்."

டீ வரவழைத்தார், இருவரும் குடித்தோம். போகும்போது, புது பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலைக்குத் திங்கட்கிழமை வந்துவிடு என்றார். வண்டிச் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். சாவிக்கொத்தில் மிச்சம் வீட்டுச் சாவி ஒன்றுதான்.

ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் கால் தடுக்கியது. கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்கோ எதிரே எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண் அப்படி நிறைந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

பிளெஸ்ஸி வந்து காரையும் பெடலையும் எடுத்துப் போனாள். ஹாலைக் கழுவிவிட்டோம். கனி கேட்காமலே எனக்கு ஒரு காக்கிச் சட்டையின் கையைச் சுருக்கித் தைத்து வைத்திருக்கிறாள். நாளைக்கு இது போதும் என்றாள். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் சொன்னாள்.

ஜூன் 23, திங்கள்

விடியற்காலையிலேயே ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். கையில் விசிலும் ஒரு நோட்டும். மேற்கே மலைப்பக்கம் கருத்திருந்தது, சாரல் காற்று. குற்றாலத்துக்கு எண்ணெய் பாட்டிலும் துண்டுமாக ஒரு கூட்டமே நின்றது.

நம் வண்டி வந்து நின்றது. சீட்டில் புதுப் பையன், சுடலைமணி என்று பெயர். கியர்பாக்ஸைக் கையில் கொடுப்பான் என்று முதலாளி சொன்னாரே, அந்தப் பயல்தான். இறங்கிவந்து, "அண்ணாச்சி, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தாலாட்டித்தான் போடணும் என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன். ஞானதுரை பின் படிக்கட்டில் நின்று என்னைப் பார்க்காமல் பையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

கிளம்பும் நேரத்தில் இரஞ்சிதம் டீச்சர் வந்தார். ஆலங்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நம் வண்டியில் போகிறவர், இந்த இரண்டு மாதமாகத்தான் லீவில் இருந்தார். இன்று பிள்ளைத்தாய்ச்சி மகளைக் கூட அழைத்து வந்திருந்தார், தென்காசியில் அவள் மாமியார் வீட்டில் விடுவதற்கு. டிரைவர் சீட்டைப் பார்த்தார், தரையில் நிற்கிற என்னைப் பார்த்தார். படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"டிரைவர், நீங்க வரலியா? இந்தத் தம்பியா ஓட்டுது? அப்ப நாங்க அடுத்த வண்டியில வாரோம். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிட்டுப் போறேன், நீங்க ஓட்டுனாத்தான் எனக்குத் தைரியம்."

கூட்டம் தள்ளியது. ஞானதுரை இப்போதுதான் என்னைப் பார்த்தான்.

"நான் ஓட்டலைங்கதுனாலதான் டீச்சர் சொல்லுதேன்" என்றேன். "தைரியமா ஏறுங்க."

டீச்சர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். சிரித்தபடி மகளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஏறினார்.